பனிமலை தந்த பாடம்

 

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை விடியற்காலையில் கண்டவர்கள், ஐஸ் கட்டிகள் இயந்திரத்தில் அரைபடும் ஓசையை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். நம் வடசென்னை மக்களுக்கு உறைந்த நீர் என்றால் அதுதான். விலை கொடுத்து வாங்குவது, மீனைக் கெடாமல் காப்பது, வெயில் ஏறினால் கரைந்து ஓடுவது. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நம் ஊரில் அதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். அவற்றைச் சேமிக்க 1842இல் எழுப்பப்பட்ட ஐஸ் ஹவுஸ் கட்டடம், மெரினா கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த ஐந்து பேர், கடந்த ஜனவரி மாதத்தில் இமயமலைச் சரிவில் முழங்கால் அளவு உறைபனியில் நடந்தோம் என்றால் வியப்பாகத்தான் இருக்கும். அந்த நடையின் கதையையும், அதில் நான் பெற்ற படிப்பினையையும் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என்னிடம் ஓதிய பழைய மாணவர்கள் நால்வர், கேதார்காந்தா என்னும் சிகரத்திற்குக் குளிர்காலத்தில் செல்லத் திட்டமிட்டனர். உத்தராகண்ட் மாநிலத்தின் உத்தரகாசி மாவட்டத்தில் ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் உள்ளது அச்சிகரம். கயிறு கட்டி ஏறவேண்டிய மலை அன்று அது. நடந்தே உச்சியை அடையலாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பனி மூடியிருக்கும் அக்காட்சியைக் காண்பதற்கென்றே நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் திரள்கின்றனர். நம் பிள்ளைகளும் பொங்கல் விடுமுறையைக் கணக்கிட்டு ஓராண்டாகப் பணம் சேர்த்திருந்தனர்.

அவர்களுள் ஒருவர் திருவொற்றியூரைச் சேர்ந்தவர், வயது 24. கன்டெய்னர் பெட்டிகளைச் சுத்தம் செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவர். அவருடைய தாயார் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவின் வாசலில் வந்து நின்றார்.

“ஹஜ்ரத், இவங்க வாப்பா மவுத்தான பிறகு எனக்கு இவன் ஒருத்தன்தான். பனியில போய் என்னத்தப் பார்க்கப் போறான்? நீங்க சொன்னா கேப்பான்” என்றார்.

தடுத்துவிடுமாறு கேட்கத்தான் வந்திருந்தார். என்னால் தடுக்க இயலவில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பின் விந்தைகளைக் காணுங்கள் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, அவர்கள் புறப்படும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என் தயக்கத்தைக் கண்ட அந்த அம்மையார் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “அப்போ நீங்களும் கூடப் போங்க. போன பிள்ளையை அப்படியே கொண்டாந்து என் கையில குடுத்துடணும்” என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் நான் பனிமலைக்குப் புறப்பட்ட காரணம் இதுவே. ஓர் அமானிதத்தைச் சுமந்து சென்றேன் என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டு மாதங்கள் பயிற்சி செய்தோம். சுபுஹுத் தொழுகை முடிந்ததும், முதுகில் சுமையுடன் திருவொற்றியூர்க் கடற்கரை மணலில் நடந்தோம். மணலில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஊன்றிய கால் புதையும், புதைந்த காலை எடுக்கும்போது பாதிப் பலம் போய்விடும். அந்த அனுபவம் பின்னர் மிகவும் உதவியது.

சென்னை சென்ட்ரலிலிருந்து இரயிலில் டில்லி, அங்கிருந்து டேராடூன், பிறகு புரோலா, மோரி வழியாக ஒரு முழுப் பகல் மலைப்பாதைப் பயணம். மாலையில் சாங்க்ரி என்னும் சிற்றூரை அடைந்தோம். ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரத்தில் மரவீடுகள் நிறைந்த ஊர் அது. எங்களுக்கு வழிகாட்டியாக அவ்வூர்க்காரர் ஒருவரும், அவருக்கு உதவியாக ஓர் இளைஞரும் அமைந்தனர்.

மறுநாள் ஓக், பைன் மரக்காடுகளின் ஊடே ஏறினோம். நண்பகலில் வானத்திலிருந்து பனித் துகள்கள் உதிரத் தொடங்கின. அந்தத் திருவொற்றியூர்ப் பிள்ளை உள்ளங்கையை நீட்டி அதை ஏந்தியவாறு, “ஹஜ்ரத், நம்ம பக்கம் மொட்டை மாடியில சாம்பல் விழுமே, அது மாதிரியே இருக்கு. ஆனா இது கரையுது” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலைத் துடைத்துத் துடைத்து வளர்ந்த எண்ணூர் வட்டாரத்துப் பிள்ளைக்கு, வானத்திலிருந்து தூய்மையான ஒன்றும் விழக்கூடும் என்பதை 24 வயதில்தான் பார்க்க வாய்த்திருக்கிறது.

அன்றிரவு ஜூடா கா தாலாப் என்னும் ஏரிக்கரையில் தங்கினோம். உயரம் ஏறத்தாழ 2,770 மீட்டர். ஏரி உறைந்து வெண்ணிறத் தரையாகக் கிடந்தது. அங்குதான் எங்கள் வழிகாட்டி தம் மூட்டையிலிருந்து இரண்டு சோடி அகன்ற காலணிகளை எடுத்துக் காட்டினார். பந்து மட்டையைப் போன்ற வடிவம். நாம் அணிந்திருக்கும் காலணியின் அடியில் வாரினால் கட்டிக்கொள்ள வேண்டும். எதற்கு இது என்று பிள்ளைகள் வினவினர்.

விடை எளிய கணக்கில் அடங்கியுள்ளது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது, அவ்வளவு எடையும் ஏறத்தாழ 280 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்குகிறது. புதிதாகப் பெய்த பனி அதைத் தாங்காது; கால் முழங்கால்வரை புதைந்துவிடும். இந்த அகன்ற காலணியின் பரப்போ அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அதே மனிதர், அதே எடை. பனியின் மீது விழும் அழுத்தம் மட்டும் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. சேற்றில் பலகை போட்டு நடக்கும் நம் ஊர்க்காரர்கள் அறிந்த உண்மைதான் இது.

இக்கருவி புதியதன்று. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் உருகும் பனியாற்றின் ஓரத்தில் 2003இல் கண்டெடுக்கப்பட்ட மரத்தாலான பனிக்காலணி ஒன்று, ஏறத்தாழ 5,800 ஆண்டுகள் பழமையானது என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள் மரச்சட்டத்தில் தோல் வாரைப் பின்னி இதைச் செய்து, குளிர்காலம் முழுவதும் வேட்டைக்குச் சென்று வந்தனர்.

நம் வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த பயணி இப்னு பதூதா அவர்கள், 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவை நோக்கி வருகையில் இந்துகுஷ் மலையைக் கடந்தார். குளிருக்கும் பனிக்கும் அங்கே பலர் பலியாவதை அறிந்திருந்த அவர், அவசரப்படவில்லை. மலைக்கு வடக்கே குந்தூஸ் பகுதியில் ஏறத்தாழ 40 நாட்கள் தங்கினார். தம் ஒட்டகங்களும் குதிரைகளும் மேய்ந்து தேறுவதற்காக மட்டுமன்று, பனிக்கு அஞ்சியும் தங்கியதாக அவரே தம் பயண நூலில் குறிப்பிடுகிறார். வெயில் காலம் வந்தபின் புறப்பட்டார். அப்போதும் பனி எஞ்சியிருந்ததால், ஒட்டகங்களின் கால்கள் புதையாதிருக்க அவற்றின் முன்னே கம்பளித் துணிகளை விரித்துக்கொண்டே சென்றனர். அகன்ற காலணியின் தத்துவம் அதுவேயல்லவா? பின்னாளில், 1344இல், இலங்கையில் பாவா ஆதம் மலையின் சங்கிலிகளைப் பற்றி ஏறி, மேகங்களைத் தம் காலடியில் கண்டவரும் இவர்தாம். அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சியதாக எழுதிவைக்க அவர் வெட்கப்படவில்லை. இச்செய்தியை அன்றிரவு கூடாரத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொன்ன எனக்கே அதன் பொருள் மறுநாள்தான் விளங்கப்போகிறது என்பதை அப்போது அறியேன்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. பனியில் தொழுகைக்கு என்ன செய்தீர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கின்றனர். முழுமையாக உளூச் செய்து, தோல் காலுறைகளை அணிந்துகொண்டோம். பின்னர் உளூச் செய்கையில் கால்களைக் கழுவாமல், ஈரக் கையால் அவற்றின் மேல் தடவினோம். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் இச்சலுகை உண்டு. நம் கிதாபுகளில் இந்தப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். சென்னை வெயிலில் அது வெறும் பாடம். பூஜ்யத்திற்குக் கீழே இறங்கிய குளிரில் அது எத்துணைப் பெரிய அருள் என்பதைக் கால்கள் உணர்ந்தன.

மூன்றாம் நாள், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாமை அடைந்தோம். அன்று மாலை அந்தப் பிள்ளை சரியாக உண்ணவில்லை. “என்னப்பா?” என்றேன். “ஒண்ணுமில்லை ஹஜ்ரத், அசதி” என்றார். நானும் நம்பினேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது.

உச்சிக்குச் செல்லும் நாளில் அதிகாலை மூன்றரை மணிக்குப் புறப்பட்டோம். இரவெல்லாம் புதுப்பனி பெய்திருந்தது. வழிகாட்டி அகன்ற காலணிகளை அணிந்து முன்னே சென்று பனியை மிதித்துப் பாதை உண்டாக்கினார். நால்வரில் உடல் வலு மிக்கவர் இரண்டாவது சோடியை அணிந்து அப்பாதையை இறுக்கினார். மற்றவர்கள் காலணியின் அடியில் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டு, அந்தத் தடத்திலேயே அடி வைத்தோம். தடத்தை விட்டு ஓரடி விலகினால் கால் தொடைவரை இறங்கியது. தலைவிளக்குகளின் ஒளியைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. எங்கள் மூச்சைத் தவிர வேறு ஒலியும் இல்லை.

ஒரு முகட்டை எட்டியபோது சுபுஹு நேரம் நுழைந்தது. திசைகாட்டியைப் பார்த்து மேற்கு நோக்கித் தொழுதோம். தொழுது முடித்து எழுந்த அந்தப் பிள்ளை இரண்டடி தள்ளாடிப் பனியில் அமர்ந்து வாந்தி எடுத்தார்.

வழிகாட்டி விரைந்து வந்தார். பனியில் கோலால் ஒரு நேர்கோடு கிழித்து, ஒரு காலின் பெருவிரலை மறுகாலின் குதிகால் தொடுமாறு அதன்மேல் நடக்கச் சொன்னார். பிள்ளை இருமுறை கோட்டை விட்டு விலகினார். தலைவலி எப்போதிலிருந்து என்று கேட்டார். முந்தைய நாள் பகலிலிருந்தே என்று அப்போதுதான் உண்மை வெளிவந்தது.

கடல்மட்டத்தில் நாம் ஒரு மூச்சில் பெறும் பிராண வாயுவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே அவ்வுயரத்தில் கிடைக்கிறது. உடல் அதற்குப் பழக நாட்கள் தேவை. சிலருக்கு விரைவில் பழகும், சிலருக்குப் பழகாது. வயதோ வலிமையோ இதில் கணக்கில்லை. தலைவலி, குமட்டல், பசியின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். அவை இருக்கும்போது மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கீழே இறங்கவேண்டும். அதற்கு மேல் செல்வது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

“இன்னும் எவ்வளவு தூரம்?” என்று வழிகாட்டியைக் கேட்டேன். ஒரு மணி நேரம் என்றார். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. சிகரத்தின் கூம்பு கைக்கெட்டும் தொலைவில் தெரிந்தது. “ஹஜ்ரத், ஒரு மணி நேரம்தானே? நான் வந்துடுவேன். ஒரு வருஷமா காசு சேர்த்தேன் ஹஜ்ரத்” என்று அப்பிள்ளை என் கையைப் பற்றிக்கொண்டார்.

உண்மையைச் சொல்வதென்றால், வாசகர்களே, ஒரு கணம் என் மனம் இளகியது. அவருக்காக மட்டுமன்று. நானும் அந்த உச்சியைக் காண ஆசைப்பட்டேன். நாற்பத்தாறு வயதில் இதற்குப் பிறகு எனக்கு இவ்வாய்ப்பு வருமா என்று உள்ளம் கேட்டது. அப்போது மதரஸா வாசலில் நின்ற அந்த அம்மையாரின் முகம் நினைவில் எழுந்தது. “இறங்குவோம்” என்றேன்.

மற்ற மூவரும் வழிகாட்டியுடன் மேலே சென்றனர். உதவியாளரும் நானும் பிள்ளையை இருபுறமும் தாங்கியபடி இறங்கினோம். முகாமில் நிற்காமல் ஏரிக்கரைக்கு வந்தபோது நண்பகல். அதற்குள் அவருடைய தலைவலி பெரும்பாலும் தணிந்திருந்தது, கஞ்சி குடித்தார். கீழிறங்குவதைப் போன்ற மருந்து இந்நோய்க்கு வேறில்லை என்பதைக் கண்கூடாகக் கண்டேன். மாலையில் சாங்க்ரியை அடைந்தபோது சாதாரணமாக நடந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

இரவில் மற்றவர்கள் வந்து சேர்ந்தனர். சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் ஆகிய 6,000 மீட்டருக்கும் மேற்பட்ட சிகரங்களின் மீது முதல் வெயில் பட்டுப் பொன்னிறமானதை அவர்கள் விவரித்தபோது, அப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் இரயிலில் இரண்டு நாட்கள் என்னுடன் சரியாகப் பேசவில்லை. நாக்பூர் தாண்டிய பிறகு மெல்ல வினவினேன்: “தலைவலியை ஏனப்பா மறைத்தாய்?”

“சொன்னா நிறுத்திடுவீங்கன்னு பயம் ஹஜ்ரத். அதோட, முடியலைன்னு சொல்லிப் பழக்கமில்லை. வேலையில அப்படிச் சொன்னா மறுநாள் கூப்பிட மாட்டாங்க” என்றார்.

இந்த விடை என்னை உலுக்கிவிட்டது. சிந்தித்துப் பாருங்கள். நம் பகுதி, உழைப்பாளிகள் நிறைந்த பகுதி. துறைமுகத்திலும், பெட்டி முனையங்களிலும், தொழிற்சாலைகளிலும் நம் பிள்ளைகள் உழைக்கின்றனர். பொறுத்துக்கொள், ஆண்பிள்ளை அழக்கூடாது, வலியை வெளியே காட்டாதே என்று சொல்லித்தான் அவர்களை வளர்க்கிறோம். அது பொறுமை என்று நானும் போதித்திருக்கிறேன். ஆனால் பொறுமை வேறு, ஆபத்தை மறைப்பது வேறு. மூடிய தொட்டிக்குள்ளும் கழிவுநீர்க் குழிக்குள்ளும் இறங்கியவர்கள் மூச்சுமுட்டி இறந்த செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்! பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆட்களை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. ஆயினும் மரணங்கள் நிற்கவில்லை. மலையுச்சியிலும் மூடிய தொட்டியிலும் ஆபத்து ஒரே தன்மையது. பிராண வாயு குறைவதைக் கண்ணால் காண முடியாது. அது குறையும்போது முதலில் மங்குவது மனிதனின் முடிவெடுக்கும் ஆற்றலே. எனவே தெளிவு இருக்கும்போதே வாய் திறந்து சொல்லவேண்டும். அருகில் இருப்பவரும் காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

அகன்ற காலணியை அணிபவர், என் கால் மட்டும் இந்தப் பனிக்குப் போதாது என்று ஒப்புக்கொண்டுதான் அணிகிறார். அதனால்தான் அவர் புதையாமல் நடக்கிறார். குந்தூஸில் 40 நாட்கள் காத்திருந்த பயணியும் அப்படி ஒப்புக்கொண்டவரே. அவர் உயிருடன் மலையைக் கடந்ததால்தான் அவருடைய பயண நூல் இன்று நம் கையில் இருக்கிறது.

பெற்றோரே! உங்கள் பிள்ளை “முடியவில்லை” என்று சொன்னால் அதைச் சோம்பல் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இளைஞர்களே! மலைக்குச் செல்லுங்கள், தடுக்கமாட்டேன். ஆனால் மருத்துவரிடம் உடலைக் காட்டிவிட்டுச் செல்லுங்கள். பழகுவதற்கென ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குங்கள். வழிகாட்டியின் சொல்லை மீறாதீர்கள். தலை வலித்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் அப்பிள்ளையை அழைத்துச் சென்று அவர் தாயாரிடம் ஒப்படைத்தேன். உச்சியைப் பார்த்தீர்களா என்று அந்த அம்மையார் கேட்கவேயில்லை. மகனின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு எனக்குத் தேநீர் போடச் சென்றார்.

இரண்டு மாதங்கள் கழித்து ஒரு பிற்பகலில் அப்பிள்ளை வேலை நேரத்திலேயே மதரஸாவிற்கு வந்தார். இரசாயனம் ஏற்றிவந்த தொட்டி ஒன்றினுள், காற்றைச் சோதிக்காமலேயே இறங்கச் சொன்னார்களாம். சோதித்த பிறகுதான் இறங்குவேன் என்று கூறியிருக்கிறார். அன்றைய கூலி இல்லை என்று வீட்டிற்கு அனுப்பிவிட்டனர். “உம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை ஹஜ்ரத்” என்றார். இருவரும் சேர்ந்தே சென்று சொன்னோம்.

“ஒரு நாள் கூலிதானே? போனாப் போவுது. நீ உக்காந்து சாப்பிடு” என்றார் அந்தத் தாய்.

வரும் ஜனவரியில், கூடுதலாக ஒரு நாள் தங்கிப் பழகிய பின், அதே சிகரத்திற்கு மீண்டும் செல்ல இருவரும் எண்ணியுள்ளோம். இன்ஷா அல்லாஹ், உச்சியை அடைந்தால் அக்காட்சியை இதே பக்கத்தில் எழுதுகிறேன். அடையாமல் திரும்பினால் அதையும் எழுதுகிறேன்.

வஸ்ஸலாம்.